ஆடியில் அனுப்பிய கதைக்குத் தையில் வந்த சன்மானம்

தீபாவளி மலர்களை வாங்கிப் படிப்பவர்கள் அவற்றின் விலையையும் கனத்தையும் விளம்பரப் பக்கங்களையும் பற்றி ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். மலருக்குக் கதை கொடுப்பவனை இதழ் அலுவலகம் எப்படி நடத்துகிறது என்பதை எழுதுபவர்கள் குறைவு. 2024 தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வெளிவரும் ஒரு மாத இதழின் மலரில் என் சிறுகதை பிரசுரமாகி, சன்மானமும் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வேறோர் இதழுக்கு அனுப்பிய கதை கிணற்றில் போட்ட கல்லாயிற்று. இங்கே நான் மதிப்பிடுவது முக்கியமாக முதலில் சொன்ன இதழைத்தான். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

மலருக்குக் கதை எழுதுவதில் முதல் சிக்கல் காலம். தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே மலர் கடைக்கு வந்துவிட வேண்டும்; அச்சுக்கும் ஓவியத்துக்கும் விளம்பரத்துக்கும் நாள் ஒதுக்கினால், கதை ஆடி மாதத்திலேயே ஆசிரியர் மேசையில் இருந்தாக வேண்டும். ஆடிக்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருக்கும்போது எண்ணெய்க் குளியலையும் லேகியத்தையும் கற்பனை செய்து எழுதுவது வேடிக்கையான வேலை. தீபாவளியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை; 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது. இந்த இதழ் ஜூலை மாதமே கட்டம் கட்டி அறிவிப்பு வெளியிட்டது. கதை 1,200 சொற்களுக்குள் இருக்க வேண்டும், யுனிகோடு எழுத்துருவில் வேர்டு கோப்பாக அனுப்ப வேண்டும், சொந்தக் கற்பனை என்றும் வேறெந்த இதழுக்கும் அனுப்பவில்லை என்றும் உறுதிமொழிக் கடிதம் இணைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் அறிவிப்புகள் அதிகமில்லை. சன்மானம் எவ்வளவு என்பதை மட்டும் அதுவும் சொல்லவில்லை.

நான் எழுதியது தீபாவளிக்கு முந்தின இரவு ஒரு தையற்கடையில் நடக்கும் கதை. வாசலில் பத்துப் பேர் துணிக்காக நிற்கிறார்கள். உள்ளே காஜா எடுக்கும் பையனுக்கு விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியிருக்கிறது. அவனுடைய சட்டைத் துணி இன்னும் வெட்டப்படாமலே அலமாரியில் கிடக்கிறது. அனுப்பிய பத்தொன்பதாம் நாள் உதவி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், கதை எடுத்துக்கறோம். ஆனா கடைசிப் பத்தி வேண்டாமே. அந்தப் பையன் மாஸ்டர்கிட்ட சட்டை கேக்காம இருக்கறதுதான் கதை. நீங்க கேக்க வச்சுட்டீங்க" என்றார். சற்று நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் காலையில் அந்தப் பத்தியை மறைத்துக்கொண்டு படித்துப் பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. வாரக் கணக்கில் நான் செதுக்கிய முடிவை ஒரே வாக்கியத்தில் தேவையற்றதாக்கிய அந்த அம்மையாரின் கூர்மைக்காகவே இந்த இதழுக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். வேறு இரண்டு இடங்களில் வாக்கியங்களைச் சுருக்கியிருந்தார். அவற்றையும் அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டார்.

ஓவியம் அந்த அளவுக்கு அமையவில்லை. கோபுலுவும் சில்பியும் வரைந்த விகடன் மலர்களையும், மணியம் வரைந்த கல்கி மலர்களையும் பைண்டு செய்து பரணில் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். மலர் என்றாலே எனக்கு முதலில் ஓவியம்தான் நினைவுக்கு வரும். என் கதைக்கு வரைந்தவர் கை தேர்ந்தவர்தான், வண்ணங்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் பையன் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்து பெடல் மிதித்துக்கொண்டிருந்தான். எந்திரத்தில் உட்கார விடமாட்டார்களா என்று அவன் ஏங்குவதுதான் கதையின் பாதி. ஓவியருக்குக் கதையை முழுமையாகக் கொடுக்காமல், யாரோ இரண்டு வரிச் சுருக்கம் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

உரிமை பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் புதிதாக எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கதை தேர்வானதும் வங்கிக் கணக்கு விவரத்தோடு ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார்கள். அதில் 'இப்படைப்பின் அனைத்து உரிமைகளும் இதழுக்கே உரியவை' என்று ஒரு வரி இருந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்து மூலம்தான் நடக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்ளும் மட்டுமே செல்லும். ஐந்து ஆண்டுகள் என்பதே, ஒரு தொகுப்பு போடவோ யாராவது குறும்படத்துக்குக் கேட்டால் கொடுக்கவோ எண்ணுபவனுக்கு நீண்ட காலம். நான் அந்த வரியை அடித்து, 'முதல் பிரசுர உரிமை மட்டும்' என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு அனுப்பினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, கதையும் வெளிவந்தது.

சன்மானம் 1,500 ரூபாய். மலரின் விலையே 250 ரூபாய் என்னும்போது ஆறு மலர்களின் விலைக்கு ஒரு சிறுகதை என்று கணக்கு வருகிறது. தொகையை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், சிற்றிதழ்களில் பிரதி ஒன்றைப் பெற்றுக்கொண்டு மகிழ்ந்த காலம் எனக்கும் உண்டு. ஆனால் அது வந்த விதம் வேறு. அக்டோபர் முதல் வாரத்தில் மலர் கடைக்கு வந்தது. கார்த்திகையில் ஒரு மின்னஞ்சல், மார்கழியில் இரண்டு தொலைபேசி அழைப்புகள் என்று நினைவூட்டிய பிறகு, பொங்கலுக்கு மறுநாள்தான் பணம் கணக்கில் ஏறியது. கணக்குப் பிரிவில் பேசியவர், விளம்பரப் பணம் வசூலான பிறகே சன்மானம் பட்டுவாடா செய்யப்படும் என்றார். அப்படியானால் அதையும் அந்த ஜூலை அறிவிப்பிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். அன்பளிப்புப் பிரதியும் தீபாவளி கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் பொறுமையில்லாமல் பேருந்து நிலையக் கடையில் நானே ஒன்று வாங்கிவிட்டேன்.

இத்தனை தாமதத்துக்குப் பிறகும் இந்த இதழை நான் நல்ல இடம் என்று சொல்வதற்குக் காரணம் 2023இல் பட்ட அனுபவம். அந்த ஆண்டு கதை அனுப்பிய இதழும் இதே உறுதிமொழிக் கடிதத்தைக் கேட்டது. கதை கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று; வேறெங்கும் அனுப்பவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்ட கதையை நான் இன்னோர் இதழுக்கு அனுப்ப முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். மலர் வெளிவந்ததும் பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் என் கதை தேர்வாகவில்லை என்று தெரிந்துகொண்டேன். சாதாரணக் கதை என்றால் அடுத்த மாதம் வேறு இதழுக்கு அனுப்பலாம். தீபாவளிக் கதை அப்படியல்ல. தீபாவளி கழிந்து தைத்துக் கொடுத்த சட்டையைப்போல, அடுத்த ஆண்டுவரை அது பெட்டிக்குள்தான் கிடக்க வேண்டும். முன்பெல்லாம் தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையை வைத்து அனுப்பினால், ஏற்காத கதை திரும்பியாவது வரும். இன்று 'தேர்வாகவில்லை' என்று ஒரு வரி அனுப்ப ஒரு பைசா செலவில்லை, இருந்தும் அது வருவதில்லை. மலருக்குக் கதை கொடுப்பவன் உண்மையில் இழப்பது சன்மானத்தில் ஐந்நூறோ ஆயிரமோ அல்ல, ஓர் ஆண்டை. ஆகவே இதழைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு தருவார்கள் என்பதைவிட எத்தனை நாளில் பதில் சொல்வார்கள் என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம். அந்த வகையில் பத்தொன்பது நாள் என்பது நான் கண்டவரையில் மிக நல்ல கணக்கு.

படிவத்தில் அடித்து எழுதியது செல்லுபடியான துணிச்சலில், அடுத்த கதையை அதே இதழுக்கு அனுப்பியபோது உறுதிமொழிக் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: 'செப்டம்பர் 15ஆம் தேதிவரை இக்கதையை வேறெந்த இதழுக்கும் அனுப்ப மாட்டேன்.' உதவி ஆசிரியர் அழைத்தார். "தேதியெல்லாம் போட்டிருக்கீங்களே சார்" என்று சிரித்தார். கதையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வரியை எடுக்கச் சொல்லவும் இல்லை.