நேரோபோட்டில் நான்கு வருடம்: மூரிங், தண்ணீர், காசெட் பற்றி எங்கள் அனுபவம்

2021 ஆகஸ்டில் மில்டன் கீன்ஸ் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் மனைவியும் 57 அடி நீளமுள்ள ஒடுக்கமான கால்வாய்ப் படகு ஒன்றில், அதாவது நேரோபோட்டில், குடியேறினோம். அன்றிலிருந்து கிராண்ட் யூனியன் கால்வாயிலும் ஆக்ஸ்ஃபர்ட் கால்வாயிலும்தான் எங்கள் குடித்தனம். வாடகை ஏறுகிற வேகத்தைப் பார்த்து, இங்கிலாந்தில் இருக்கும் தமிழ் நண்பர்கள் பலர் "நாங்களும் படகு வாங்கலாமா" என்று விசாரிக்கிறார்கள். எல்லாக் கேள்வியும் படகைப் பற்றியே வருகிறது. என்ன இன்ஜின், எத்தனை சோலார் பேனல், பனிக்காலத்தில் தாங்குமா. படகை எங்கே கட்டுவீர்கள் (அந்த இடம்தான் மூரிங்), எங்கே தண்ணீர் பிடிப்பீர்கள், கக்கூஸ் கழிவு சேரும் காசெட் பெட்டியை எங்கே கொட்டுவீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. படகு வாழ்க்கையின் முக்கால்வாசி அந்த மூன்றில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் இலையுதிர் காலத்தில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஆக்ஸ்ஃபர்ட் கால்வாயின் தெற்குப் பகுதியில், மார்ஸ்டன் டோல்ஸிலிருந்து கிளேடன் வரை லாக்கே (படகை மேலேயும் கீழேயும் ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) இல்லாமல் 11 மைல் ஓடுகிறது. மேட்டைச் சுற்றிச் சுற்றி வெட்டிய கால்வாய். காகம் பறந்தால் அதில் பாதி தூரம்கூட வராது. வோம்லைட்டன் என்ற ஊரை அது மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகும். சுற்றிலும் ஆட்டு மந்தை, ஒரு வீடு கண்ணில் படாது. இப்படி ஒரு இடம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? கட்டிவிட்டோம். ஒன்பதாம் நாள் காலை பல் தேய்க்கக் குழாயைத் திறந்த மனைவி, "என்னங்க, பம்ப்பு ஓடுது, தண்ணி வரல" என்றாள். அதே நாள் காசெட்டும் நிரம்பிவிட்டது. அடுத்த குழாய் ஃபென்னி காம்ப்டனில். வழக்கமாக அது ஒன்றும் பெரிய தூரமில்லை. அன்று எதிர்க்காற்று, கரையோரம் ஆழமும் இல்லை. படகு அடிதட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. நீளக் கழியை ஊன்றித் தள்ளியே ஒரு மணி நேரம் போனது. அன்று சாயங்காலம் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இன்றுவரை அதுதான் எங்கள் வேதம்.

கால்வாய் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நேரோபோட் ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம்தான் இருக்கும். இங்குள்ள பல லாக்குகளின் அகலமே ஏழடி என்பதால் அப்படி. 57 அடி என்பதை நாங்கள் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. வட இங்கிலாந்தில் சில கால்வாய்களின் லாக்குகள் நீளம் குறைந்தவை. 57 அடிக்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லாக் கால்வாயிலும் போய்வரலாம். 70 அடிப் படகு உள்ளே தாராளமாக இருக்கும், ஆனால் போகக்கூடிய இடம் குறையும், கட்ட இடம் கிடைப்பதும் கஷ்டம். நான்கு வருடத்தில் எத்தனையோ தடவை இரண்டு படகுக்கு நடுவே இருந்த சந்தில் எங்கள் படகு கச்சிதமாக நுழைந்திருக்கிறது. நீளம் விஷயத்தில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான கால்வாய்களைப் பார்த்துக்கொள்வது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். 2012இல் அரசு வாரியத்திடமிருந்து பொறுப்பேற்ற அறக்கட்டளை இது. லைசென்ஸ் வாங்க இன்ஷூரன்ஸ் வேண்டும், நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். மூன்றாவதாக, நிரந்தர மூரிங் ஒன்று வேண்டும். அது இல்லையென்றால் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்காமல், உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். நாங்கள் இரண்டாவது வகை. இரண்டே ஊருக்கு நடுவே போய்ப் போய் வருவதைப் பயணம் என்று ஏற்க மாட்டார்கள். லைசென்ஸ் காலம் முழுவதிலும் 15, 20 மைலுக்குள்ளேயே சுற்றினால் திருப்தி அடைய மாட்டோம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் கெட்டுவிட்டது, உடம்பு சரியில்லை, கால்வாய் உறைந்துவிட்டது என்றால் உடனே தகவல் சொல்லிவிட வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் கூடுதல் நாள் நிற்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து நிரந்தர மூரிங் இல்லாத படகுகளுக்கு லைசென்ஸில் கூடுதல் கட்டணம் வந்துவிட்டது. 5 சதவீதத்தில் தொடங்கி வருடா வருடம் ஏறி, 2028இல் 25 சதவீதமாகும். படகு வாங்கக் கணக்குப் போடுபவர்கள் இதையும் சேர்த்துப் போடுங்கள்.

14 நாள் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. கடை, பப், ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் நல்ல இடங்களில் 24 மணி, 48 மணி, 7 நாள் என்று பலகை வைத்திருப்பார்கள். இரண்டு கால்வாய்கள் கூடும் பிரான்ஸ்டனில் கோடைக்காலத்தில் மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் இடம் பிடிக்கலாம். நான்கு மணிக்குப் போனால் ஊரைத் தாண்டி வயல்வெளியில்தான். லாக்கை ஒட்டி இருக்கும் இறங்குதுறை, தண்ணீர்க் குழாய் முன்னால், வளைவு, படகு திருப்புவதற்காக அகலமாக வெட்டிய இடம், இங்கெல்லாம் கட்டக் கூடாது. யாராவது கட்டியிருப்பதைப் பார்த்து நீங்களும் கட்டாதீர்கள். லாக்குக்குக் காத்திருக்கும் படகு காற்றில் நிற்க இடமின்றித் தவிக்கும்.

கட்டுவதிலும் பாடம் படித்தோம். இரும்புத் தகடு பதிக்காத வெறும் மண் கரையில் இரும்பு முளையைச் சம்மட்டியால் அடித்து, அதில் கயிற்றைக் கட்ட வேண்டும். நம் ஊரில் மாடு கட்டும் முளைதான், கொஞ்சம் நீளம். 2022 பிப்ரவரியில் ஒரு வாரம் விடாத மழை. கரை மண் கேக் மாதிரி ஊறியிருந்தது. விடியற்காலையில் யாரோ வேகமாகப் படகை ஓட்டிப் போயிருக்கிறார்கள். மனைவி என்னை எழுப்பி, "ஜன்னல்ல மரம் நகருது பாருங்க" என்றாள். வெளியே வந்து பார்த்தால் முன்பக்க முளை பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் தொங்குகிறது, படகின் மூக்கு எதிர்க்கரையில். கால்வாயையே அடைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறோம். அதன்பின் ஈர மண்ணில் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு முளை, ஒன்றுக்கொன்று சாய்வாக. கயிற்றை நேராக இழுக்காமல் முன்னும் பின்னும் சாய்த்துக் கட்டுகிறேன், அப்போதுதான் படகு முன்பின் ஆடாது.

முடிந்தவரை கரையில் இரும்புத் தகடு பதித்த இடமாகப் பார்த்துக் கட்டுவேன். அதற்கு 'நாப்பி பின்' என்று ஒன்று உண்டு. குழந்தைக்குத் துணி கட்டும் ஊக்கைக் கையளவு பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. தகட்டுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் அதைச் செருகி, வளையத்தில் கயிற்றைக் கட்டினால் போதும். எந்தப் படகு எந்த வேகத்தில் போனாலும் அசையாது. படகோடு கிடைக்காவிட்டால் முதல் நாளே நான்கு வாங்கிவிடுங்கள்.

இப்போது தண்ணீர். எங்கள் தொட்டி 500 லிட்டர். சிக்கனமாகப் புழங்கினால் இரண்டு பேருக்குப் பத்து நாள். தலைக்கு ஊற்றும் நாட்களைக் கூட்டினால் எட்டு நாள். வாட்டர்மேட் என்று ஒரே ஒரு சாவி இருக்கிறது. தண்ணீர்க் குழாய்ப் பெட்டி, கழிவு கொட்டும் அறை, சில இடங்களில் குளியலறை, எல்லாம் அதே சாவிதான். ஒன்றைத் தொலைத்துவிட்டு நின்றால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே தாகத்தோடு நிற்க வேண்டும். எங்களிடம் மூன்று இருக்கின்றன, ஒன்று தக்கை மாட்டியது, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். குழாய் இருக்கிறது என்று வரைபடம் சொல்லும். எவ்வளவு வேகமாக வரும் என்று சொல்லாது. நல்ல குழாயில் தொட்டி நிரம்ப 50 நிமிடம். ஒரு குழாயில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறோம், பின்னால் மூன்று படகு வரிசையில். கால்வாயில் ஒவ்வொரு பாலத்துக்கும் எண் பலகை உண்டு. படகுக்காரர்களுக்கு அதுதான் முகவரி. என் நோட்டில் பாலத்தின் எண்ணுக்கு எதிரே குழாய், நிரம்ப ஆன நேரம், அங்கிருந்து அடுத்த குழாய்க்கு எத்தனை லாக், பக்கத்தில் குப்பைத்தொட்டி உண்டா, கடை எவ்வளவு தூரம் என்று எழுதிவைத்திருக்கிறேன். மைல் கணக்கு உதவாது. லாக்கே இல்லாத ஆறு மைலை இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஹாட்டனில் 21 லாக் ஏறுவதற்கு அரை நாள் போய்விடும்.

கழிவு பற்றிப் பேசச் சிலர் கூச்சப்படுகிறார்கள். படகில் அந்தக் கூச்சம் ஒத்து வராது. காசெட் என்றால் சுமார் 20 லிட்டர் கொள்ளும் பெட்டி. நிரம்பியதும் இழுத்து எடுத்து, எல்சான் என்று சொல்லும் கழிவுத்தொட்டியில் நாமே கொட்டிக் கழுவ வேண்டும். இன்னொரு வகை பம்ப்-அவுட். படகுக்குள்ளேயே பெரிய தொட்டி, நிரம்ப வாரக்கணக்காகும், இயந்திரம் உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். கையில் தொடும் வேலையே இல்லை, ஒவ்வொரு தடவையும் காசு கட்ட வேண்டும். படகு வாங்கும்போது பம்ப்-அவுட் உள்ளதைத்தான் மனைவி விரும்பினாள், எனக்கும் அதுதான் சுத்தம் என்று தோன்றியது. எங்களுக்குக் கிடைத்ததில் காசெட் இருந்தது. 2022 டிசம்பர் உறைபனியில்தான் அதன் அருமை தெரிந்தது. கால்வாய் கட்டியாக உறைந்து நாள்கணக்கில் எந்தப் படகும் நகரவில்லை. நான் காசெட்டைத் தள்ளுவண்டியில் வைத்துக் கரைப்பாதையில் ஒரு மைல் நடந்து கொட்டிவிட்டு வந்தேன். பக்கத்துப் படகில் பம்ப்-அவுட். தொட்டி விளிம்புவரை நிரம்பி, அந்த வயதான தம்பதி தினமும் ஊர்ப் பப் கழிவறைக்கு நடந்தார்கள். படகை இயந்திரத்திடம் கொண்டுபோனால்தானே உறிஞ்ச முடியும்? ஊர் சுற்றுபவர்களுக்கு என் சிபாரிசு காசெட்தான், மூன்று காசெட் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு காசெட் மூன்று, நான்கு நாள் வரும். மூன்று இருந்தால் தண்ணீர்த் தொட்டி காலியாகும் அதே நாளில் இதுவும் நிரம்பும். ஒரே நிறுத்தத்தில் இரண்டு வேலையும் முடியும். எல்சான் தொட்டியே அடைத்துக் கிடந்ததும் உண்டு. பூனை மலம் கழிக்கப் போடும் மண்ணைக் கொட்டி யாரோ அடைத்துவிட்டார்கள். மூன்றாவது காசெட் இருந்ததால் நாங்கள் அடுத்த இடம் வரை சமாளித்தோம். உரமாக்கும் வகைக் கழிப்பறை வைத்திருக்கும் நண்பர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: அந்தத் திடக்கழிவைக் கால்வாய்க் குப்பைத்தொட்டியில் போட 2021 இறுதியிலிருந்து அனுமதி இல்லை.

டீசல், நிலக்கரி, கேஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எரிபொருள் விற்கும் படகுகளே வீட்டு வாசலுக்கு வருகின்றன. கையைக் காட்டினால் நிறுத்தி மூட்டையை இறக்கிக் கொடுப்பார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் மட்டும் கட்டாயம்.

லண்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கட்ட இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏற்கெனவே கட்டியிருக்கும் படகோடு படகாக இணைத்துக் கட்டுவது அங்கே சகஜம், கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுக் கட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பாடிங்டன், லிட்டில் வெனிஸ் பக்கம் முன்பதிவு செய்யும் இடங்கள் சில இருக்கின்றன. அதில் நாள் கிடைத்த பிறகே நாங்கள் லண்டன் பக்கம் திரும்புவோம். ஆனால் புல்ஸ் பிரிட்ஜிலிருந்து லிட்டில் வெனிஸ் வரை லாக்கே இல்லாத பதின்மூன்றரை மைல் எங்களுக்கு வருடத்தில் ஒரு திருவிழா. வழியில் ஆல்பர்ட்டனில் கரையேறி ஈலிங் ரோட்டில் நடந்தால் தமிழ்க் கடைகள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியாப்ப மாவு, பத்துக் கிலோ அரிசி எல்லாம் தள்ளுவண்டியில் படகுக்கு வந்துவிடும். (அது வேறு வண்டி. காசெட் வண்டி தனி.) அன்று ராத்திரி படகு முழுக்க முருங்கைக்காய் சாம்பார் மணக்கும்.

மரினாவில் (பணம் வாங்கிக்கொண்டு படகுகளை நிறுத்தவிடும் தனியிடம்) ஒரு குளிர்காலம் இருந்தோம். பெயர் வேண்டாம். கரண்ட் இணைப்பு, கார் நிறுத்த இடம், பூட்டிய வாசல், எல்லாம் உண்மையிலேயே சௌகரியம். படகின் நீளத்துக்குக் கணக்கிட்டு நான்கு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கினார்கள். குளிரிலும் மேடைக் குழாயில் தண்ணீர் வரும் என்று வாய்வார்த்தை சொன்னார்கள். முதல் உறைபனிக்கே குழாயைப் பூட்டிவிட்டார்கள், மூன்று வாரம் கேனில் தூக்கினோம். கேட்டதற்கு ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றுமில்லை என்றார்கள். அது எங்களை உண்மையாகவே புண்படுத்தியது. மரினாவில் சேர்வதாக இருந்தால் பனிக்காலத் தண்ணீரை எழுத்தில் வாங்குங்கள். அங்கேயே நிரந்தரமாக வசிக்க அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். பல மூரிங்குகள் பொழுதுபோக்குப் படகுகளுக்கு மட்டும் அனுமதி பெற்றவை, தபால் முகவரியாக வைக்க முடியாது. எங்களுக்கு இன்றும் பேங்க் கடிதம் எல்லாம் மச்சான் வீட்டு முகவரிக்குத்தான் வருகிறது.

இந்தக் குளிர்காலத்துக்கு மரினா வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கரைப்பாதையிலேயே ஒரே இடத்தில் நிற்க டிரஸ்ட் விற்கும் குளிர்கால மூரிங் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். அழகான இடம் என்று சொல்ல முடியாது, மேலே நெடுஞ்சாலைப் பாலம், லாரிச் சத்தம். எல்சானும் குழாயும் ஆறு நிமிட நடை. போன வாரம் கையில் கடிகாரத்தோடு நடந்து பார்த்தேன். நிரம்பிய காசெட்டோடு எட்டு நிமிடம்.