சுண்ணாம்பு காயும்வரை காத்திருக்கும் பணம் எது?

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் ஒரு பழைய சத்திரம். நூறு வயதைத் தாண்டியது. மரத்தின்மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை, முன்னால் கல்தூண், உள்ளே தேக்கு உத்தரம். ஊர் அறக்கட்டளைக்குச் சொந்தமான அந்தக் கட்டடத்தின் சீரமைப்புக் கணக்கை நாலு வருடமாக நான்தான் எழுதுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "பணம் எங்கிருந்து வருது?" என்று கேட்பார்கள். அந்தப் பணத்தை எந்தத் தேதிக்குள் செலவழித்துத் தீர்க்கவேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

காரணம், சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு வாரக்கணக்கில் தொட்டியில் ஊறவேண்டும். கடுக்காயை இடித்து ஊறப்போட்ட தண்ணீரையும் கருப்பட்டிக் கரைசலையும் விட்டு மணலோடு அரைத்தால்தான் சாந்து. அந்த நாட்களில் சத்திரத்து முற்றத்துக்குள் நுழைந்தாலே புளித்த பானை வாடை அடிக்கும். பூசியபிறகும் ஒவ்வொரு பூச்சும் மெல்லத்தான் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கைவைக்க முடியாது. சித்திரை வெயிலில் பூசினால் ஈரச்சாக்கு கட்டிக் காவல் இருக்கவேண்டும், அசந்தால் வெடிப்பு விழும். மிஞ்சுவது தையும் மாசியும் பங்குனியும். கணக்கு வருடம் மூச்சுவாங்கும் மாதங்களும் அவைதான்.

அரசு மானியத்திலிருந்து தொடங்கலாம். தொகை பெரிது, நம்பகமானது. ஆனால் கட்டடம் ஏதாவது ஒரு பெட்டிக்குள் அடங்கவேண்டும். திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம், சமணர் மலை மத்தியத் தொல்லியல் துறையிடம், மீனாட்சி அம்மன் கோயில் அறநிலையத் துறையிடம் இருக்கின்றன. அங்கே நாம் ஆசைப்பட்டு ஒரு கூடை சாந்து பூசிவிட முடியாது. ஆயிரம் ஆண்டு கடந்த கோயில்களுக்கு மாநில அரசு 2022-23 பட்ஜெட்டில் 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. கிராமக் கோயில் திருப்பணிக்கும் நிதியுதவி உண்டு. சத்திரத்துக்கு? அது கோயிலும் இல்லை, பாதுகாக்கப்பட்ட சின்னமும் இல்லை.

எப்படியோ ஒரு திட்டத்தில் எங்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது. பிப்ரவரி மூன்றாம் வாரம் முதல் தவணை வந்தது, மார்ச் 31-க்குள் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்ற சான்று, வேண்டும் என்றார்கள். அது போனால்தான் அடுத்த தவணை. தொட்டியில் சுண்ணாம்பு பாதிகூட ஊறவில்லை. சிமெண்ட் பூசினால் பத்து நாளில் முடித்துவிடலாம் என்று யோசனை சொன்னார் ஒருவர். சிமெண்ட் பூச்சு பழைய செங்கல் சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் பூட்டிவைக்கும், சில மழைக்காலம் போனால் சுவரே உப்புப் பூத்து உதிரும். அவருக்கும் அது தெரியும். தேதிதான் அவரைப் பேசவைத்தது. அந்த வருடம் மானியத்தில் தேக்குக் கட்டையும் செங்கல்லும் வாங்கி அடுக்கி, பில்லைக் கணக்கில் காட்டித் தப்பித்தோம்.

இன்னும் இரண்டு விஷயம். மத்திய அரசு மானியத்தை வங்கியில் போட்டுவைத்து வட்டி வந்தால் அந்த வட்டி அரசுக்கே திரும்பவேண்டும், அதை எடுத்துக் கூலி கொடுத்துவிடக் கூடாது. அரசுக்குச் செய்யும் பழஞ்சின்ன வேலைகளின் ஒப்பந்தத்துக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2022 ஜூலையில் 18 ஆனது. பழைய மதிப்பீட்டைத் தூசிதட்டி நீட்டுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கல்லுக்கும் அவசரம் கிடையாது. மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 பிப்ரவரியில் தீப்பிடித்த வீரவசந்தராயர் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். தூணுக்கான கல்லை நாமக்கல் மாவட்டத்திலிருந்து வெட்டிக் கொண்டுவர வேண்டியிருந்தது, வேலை வருடக்கணக்கில் இழுத்தது.

அடுத்தது கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்புக்கென்று அவை ஒதுக்கும் பணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே வரலாற்றுக் கட்டடச் சீரமைப்பு இருக்கிறது, ஆகவே சத்திரமா கோயிலா என்ற பெட்டிச் சண்டை இங்கே குறைவு. பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் இப்படிச் செலவழித்தாகவேண்டும் என்பதால் ஜனவரிக்குமேல் கம்பெனிக்காரர்களே போன் செய்வார்கள். அவர்கள் வாயிலும் "மார்ச்சுக்குள் பில் வருமா?" என்பதுதான். ஆனால் இங்கே ஒரு கதவு உண்டு. கம்பெனியின் இயக்குநர் குழு அதைத் தொடர் திட்டம் என்று தீர்மானம் போட்டுவிட்டால், மீதிப் பணத்தைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். மூன்று தை, மூன்று மாசி! ஒப்பந்தம் போடும் முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பணம் வந்தபிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அறக்கட்டளைக்கு மூன்றாண்டு அனுபவம், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் கையில் இருக்கவேண்டும். பலகையில் கம்பெனி பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் முதல் பலகை கல்தூணைவிட அகலம்.

வெளிநாட்டுப் பணம் எங்களைப் போன்ற சின்ன அறக்கட்டளைக்கு ஒத்துவராது. எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு, டெல்லியில் ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் வழியில்லை. மத்திய அரசின் தேசியப் பண்பாட்டு நிதி 1996 முதல் இருக்கிறது, நன்கொடைக்கு முழு வரிவிலக்கும் உண்டு. பெரிய சின்னங்களுக்கு அது சரி.

கடைசியாக உபயதாரர் பணம். தேதி இல்லை, சான்றிதழ் இல்லை, சுண்ணாம்பு ஊறுகிறவரை பேசாமல் காத்திருக்கும். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை போய்விடும், அதைமட்டும் சொல்லிவிட்டால் போதும். சிக்கல் வேறு இடத்தில். உபயம் கண்ணுக்குத் தெரியவேண்டும். வெளிச்சம் வராத அளவுக்குப் பெயர் எழுதிய டியூப்லைட்டை நம் ஊர்க் கோயில்களில் பார்க்காதவர் உண்டா? எங்களுக்கும் கிரானைட் தரை, டைல்ஸ், தூணுக்கு எனாமல் பெயிண்ட் என்று வரிசையாக வந்தது. மறுப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அளவெடுத்து வரைபடம் போட, அஸ்திவார மண்ணைச் சோதிக்க என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இப்போது எங்கள் நோட்டில் மூன்று மை. மரம், செங்கல் மாதிரி வாங்கி அடுக்கக்கூடியவை அரசுப் பணத்தில். கூரையும் பூச்சும் சிஎஸ்ஆரில், தொடர் திட்டமாக. மற்றதெல்லாம் உபயம். ஒன்றுமட்டும் தேர்ந்தெடு என்றால் தொடர் திட்டம் போட்ட சிஎஸ்ஆர் பணத்தைத்தான் எடுப்பேன், பலகை எவ்வளவு அகலமாக இருந்தாலும்.

மிச்சம் இருப்பது கொல்லைப்புற வடிகால். போன வாரம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தர்றேன் தம்பி. மண்ணுக்குள்ள போற காசுக்குப் பேரை எங்கே போடுவீங்க?"

"மூடிக்கல்லுல போட்டுரலாம்யா."

"மிதிப்பாங்களே."

நடைபாதையிலிருந்து தள்ளி, சுவரோரமாக ஒரு மூடிக்கல் இருக்கிறது. அதில் போடுவதாகப் பேசி, பாதிப் பணம் வாங்கியிருக்கிறோம்.