பிசியாலஜி சிமுலேஷன்: நாமளே எழுதுறதா, ரெடிமேட் இன்ஜினா, மாடலிக்காவா?

ஆன்லைன்ல பிசியாலஜி சொல்லிக்கொடுக்க சிமுலேஷன் பண்ணலாம்னு இறங்கினா முன்னாடி மூணு வழி இருக்கு: சின்ன மாடலா எடுத்து நாமளே ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதுறது, பல்ஸ், பயோகியர்ஸ் மாதிரி முழு உடம்பையும் சிமுலேட் பண்ற ரெடிமேட் இன்ஜினை சர்வர்ல ஓட்டுறது, இல்லன்னா மாடலிக்காங்கிற மாடலிங் மொழியில கட்டி பிரவுசருக்குக் கொண்டுவர்றது. ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குன்னா நான் யோசிக்காம முதல் வழிதான் சொல்வேன்.

ஓட்டோ ஃபிராங்க் 1899ல சொன்ன விண்ட்கெசல் மாடலை எடுத்துக்கோங்க, ரத்தக்குழாயை விரிஞ்சு சுருங்குற ஒரு பை மாதிரி நினைச்சு பிபியைக் கணக்கு பண்றது, ஒரே ஒரு டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்தான். ஹார்ட் ரேட் 72, ஸ்ட்ரோக் வால்யூம் (ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுற ரத்தம்) 70 மில்லி, ரத்தக்குழாய் ரெசிஸ்டன்ஸ் 1.1 (mmHg·s/ml)னு வச்சா சராசரி பிபி சுமார் 92ல நிக்கும். இப்போ ரத்தக்குழாயோட கம்ப்ளையன்ஸ் (எவ்வளவு விரிஞ்சு கொடுக்குதுங்கிறது) ஸ்லைடரை மட்டும் பாதியா குறைச்சுப் பாருங்க, மேல் பிபி ஏறும், கீழ் பிபி இறங்கும், சராசரி அசையவே அசையாது. வயசானவங்களுக்கு ஏன் மேல் நம்பர் மட்டும் எகிறுதுன்னு புக்ல எத்தனை தடவை படிச்சாலும் ஏறாதது, விரலால இழுத்தா உடனே ஏறுது, அதுவும் சாதா போன்லயே, நெட் விட்டு விட்டு வந்தாலும்.

சொந்தமா எழுதுறதுல சிக்கல் இல்லாம இல்ல. ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி 1952 நரம்பு மாடல்ல நாலு ஈக்வேஷன், கணக்கோட டைம் ஸ்டெப்பை 0.01 மில்லிசெகண்ட் அளவுக்கு சின்னதா வைக்கணும், ஆனா ஸ்கிரீன் ஒரு ஃபிரேம் மாற 16 மில்லிசெகண்ட் ஆகும், அதனால ஃபிரேமுக்கு ஒரே ஸ்டெப்னு பெரிசா வச்சா கணக்கு வெடிச்சிடும், ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளயும் நிறைய குட்டி ஸ்டெப் ஓட்டணும். இன்னொண்ணு, வோல்டேஜ் கிளாம்ப் (நரம்போட வோல்டேஜை ஒரே அளவுல பிடிச்சு வைக்கிறது) ஸ்லைடர் சரியா -40 மில்லிவோல்ட்ல நின்னா சோடியம் கேட் திறக்குற வேகத்தைச் சொல்ற ஆல்ஃபா ஃபார்முலா பூஜ்யத்தை பூஜ்யத்தால வகுக்கும், கிராஃபே காணாம போயிடும். அந்த இடத்துல மதிப்பு 1னு தனியா எழுதி வச்சிடுங்க. -55ல பொட்டாசியத்துக்கும் இதே கதை, அங்க 0.1.

பல்ஸ், பயோகியர்ஸ் ரெண்டும் ஓப்பன் சோர்ஸ், சி பிளஸ் பிளஸ்ல எழுதினது. ரத்தப்போக்கு, மூச்சுக்குழாய் அடைப்பு, மருந்துன்னு முழு பேஷண்ட்டே கிடைக்கும், கிளினிக்கல் கேஸ் நடத்துறவங்களுக்கு அருமை. ஆனா ஹார்ட் ரேட் ஏறுறது மட்டும் தெரியும், ஏன் ஏறுச்சுன்னு பையன் உள்ள போய் பார்க்க முடியாது, அத்தனை வேரியபிள். பத்தாததுக்கு ஒவ்வொருத்தருக்கும் தனி செஷன்னா சர்வர் செலவு வேற.

மாடலிக்கா நடுவுல நிக்குது. பிராக் சார்லஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க ஃபிசியோலைப்ரரின்னு ரெடி பாகங்கள் கொடுத்திருக்காங்க, பாடிலைட்னு ஒரு டூல் அந்த மாடலை பிரவுசர் வேகமா ஓட்டக்கூடிய வெப்அசெம்ப்ளி கோடா மாத்தி பிரவுசர்லயே ஓட்டும். இதயம், நுரையீரல், கிட்னி எல்லாம் சேர்ந்து இயங்கணும்னா இதுதான் கரெக்ட், ஆனா தனியா ஒரு டீச்சர் கையில எடுத்தா கத்துக்கவே மாசக்கணக்குல போயிடும், ரெண்டு மூணு பேர் டீம் இருந்தா இறங்கலாம்.

எதை எடுத்தாலும் பிரவுசர்ல நேரடியா ஓடுதான்னு பாருங்க. 2020 கடைசியில ஃபிளாஷ்ங்கிற பிரவுசர் பிளகின் நின்னப்போ எவ்வளவோ நல்ல பிசியாலஜி அனிமேஷன் ஒரேயடியா திறக்காம போச்சு.

ரத்தப்போக்கு கேஸ் கண்டிப்பா வேணும், சர்வருக்குக் காசு இல்லன்னா ஒரு வழி இருக்கு. பல்ஸை உங்க லேப்டாப்ல 500, 1000, 1500 மில்லி இழப்புன்னு முன்கூட்டியே ஓட்டி ரிசல்ட்டை ஃபைலா சேவ் பண்ணிக்கோங்க, பசங்க பட்டனை அழுத்தினா அந்த கர்வ் ஓடட்டும். நடுவுல டிரிப்ஸ் ஏத்திப் பார்க்க முடியாதுதான், அதுக்கும் தனி ரன் எடுத்து வச்சா முக்கால்வாசி கிளாஸுக்கு அது போதும்.