பதின்வயதுப் பிள்ளைக்கு நோயைப் புரியவைக்க: பேச்சா, தாளா, வீடியோவா?

ஆஸ்துமா உள்ள 14 வயதுப் பிள்ளைக்கு இரண்டு இன்ஹேலர் எழுதித் தருகிறார்கள் என்று வையுங்கள். ஒன்று, மூச்சு திணறும்போது மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரித்துவிடும். இன்னொன்று தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு. உள்ளே இருக்கும் வீக்கத்தை மெல்லக் குறைக்கும். முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். முதலாவதை இழுத்ததும் நிம்மதி கிடைக்கிறது. இரண்டாவதை இழுத்தால் உடனே ஒன்றும் தெரிவதில்லை. பிள்ளை எதைக் கைவிடும் என்று சொல்லவே வேண்டாம். இந்த வித்தியாசத்தை மனதில் பதியவைக்க எந்த வழி நல்லது?

பெரும்பாலும் நடப்பது, மருத்துவம் பார்க்கும் நாம் அம்மா அப்பா பக்கம் திரும்பிப் பேசுவது. மருந்தின் அளவும் பழைய விவரங்களும் அவர்களுக்குத்தான் நினைவிருக்கும், சரி. ஆனால் நோயாளி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ‘ஸ்டீராய்டுன்னா உடம்பு போடுமா?’ என்ற பயமோ, ஒரு வாரமாக மருந்தே எடுக்கவில்லை என்ற உண்மையோ, புகை பிடித்துப் பார்த்த கதையோ பெற்றோர் முன்னால் வெளியே வராது. அவர்களைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினால் வரலாம். எதை ரகசியமாக வைப்போம், உயிருக்கு ஆபத்து என்றால் எதை மறைக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் ஏமாற்றியது போலாகிவிடும்.

அச்சிட்ட தாள் நினைவூட்ட மட்டும் உதவும். மருந்தின் பெயர், நேரம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்ற மூன்றும் அரைப் பக்கத்தில் இருந்தால் போதும்.

இன்ஹேலர் பிடிக்கும் முறைக்கு வீடியோதான் சிறந்தது. குலுக்குவது, மூச்சை வெளியே விடுவது, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுப்பது, பத்து விநாடி அடக்குவது, ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளிப்பது எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை. ஆனால் பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டால் வீடியோவுக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள நல்ல வழி, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டிவிடும். ‘நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும். இன்னிக்கு ராத்திரி எந்த இன்ஹேலரை எடுப்பே, ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். இப்போது பரீட்சை நமக்குத்தான். பதில் தப்பென்றால் வேறு வார்த்தையில் மறுபடி சொல்ல வேண்டியது நம் வேலை. இதையே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும் குரலில் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பெற்றோர் முன்னால் கேட்டாலும் அப்படித்தான். சில நிமிடங்கள் கூடுதலாகும். கூட்டம் நிற்கும்போது அது பெரிய நேரம்தான் என்றாலும், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அந்தத் தாளையும் பிள்ளையே தன் கையால், தன் வார்த்தையில் எழுதட்டும். அப்புறம் பெற்றோரை உள்ளே கூப்பிடலாம். எந்த இன்ஹேலர் எதற்கு என்று அவர்களுக்குப் பிள்ளையே சொல்லட்டும்.