காருக்கு ஊற்றும் ஆயிலை என் பைக்கில் ஊற்றிவிட்டார்கள்

ஆயில் மாற்றக் கொடுத்த வண்டிக்குக் கடைசியில் கிளட்ச் பிளேட் செட்டே மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஆயிலுக்கு 850, கிளட்சுக்கு 2,600. தண்டம்.

150 சிசி வண்டி. மேனுவலில் 10டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மை எண்), ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான தரக் குறி) என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. வழக்கமான மெக்கானிக் ஊரில் இல்லாததால் மதுரையிலேயே வேறொரு பட்டறையில் விட்டேன். "அண்ணே, அந்த ஆயிலெல்லாம் எதுக்கு? ஃபுல் சிந்தெடிக் இருக்கு, பெரிய காருக்கெல்லாம் இதான் ஊத்துறோம். மைலேஜ் பிச்சுக்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். மூன்றரை லிட்டர் கேன், ஏற்கெனவே பாதிக்கு மேல் காலி. அதிலிருந்து 1 லிட்டர் அளந்து ஊற்றினார். இரண்டு நாள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வீட்டில் பெருமை வேறு பீற்றினேன்.

அடுத்த வாரம் கொடைக்கானல். வத்தலக்குண்டு வரை ஒரு குறையும் இல்லை. மலை ஏற ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. டம்டம் பாறை தாண்டுவதற்குள் கருகல் வாடை. வழியில் ஒருவர் கிளட்ச் கேபிளைத் தளர்த்திப் பார்த்தார். அப்போதும் வண்டி அசையவில்லை. பாதியிலேயே திரும்பி, உருட்டாத குறையாக இறங்கி வந்தேன்.

எங்கள் மெக்கானிக் கவரைக் கழற்றிக் காட்டினார். பிளேட்டுகள் தீய்ந்த அப்பளம் மாதிரி கறுத்துக் கிடந்தன. நடுவில் இருக்கும் இரும்புத் தட்டுகளில் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

காரின் கிளட்ச் உலர்ந்த இடத்தில் இருக்கிறது. இன்ஜின் ஆயில் அதைத் தொடுவதே இல்லை. கியர் பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட் அதில் ஊறியபடியே பிடித்தாக வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கக் கார் ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் சரக்கு சேர்க்கிறார்கள். அது பிளேட்டுக்கு எமன். இந்தத் தொல்லைக்காகத்தான் ஜப்பான்காரர்கள் 1998-இல் பைக் ஆயிலுக்கென்றே ஜாசோ தரம் கொண்டுவந்தார்கள். கியர் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. எம்பி என்பது ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்களுக்கு. அவற்றில் கிளட்ச் ஆயிலில் ஊறுவதில்லை. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கியர்பாக்ஸுக்குத் தனியாக ஊற்ற வேண்டும், அது வேறு கணக்கு.

அந்தப் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "மலையில ஓட்டத் தெரியாம கிளட்ச்ச புடிச்சிட்டே போயிருப்பீங்க" என்றார். இருபது வருடமாக ஓட்டுகிறேன்! காலி கேன் மூலையில் கிடந்தது. பின்பக்கம் திருப்பினேன். வட்ட முத்திரையின் நடுவில் 5டபிள்யூ-30, கீழ் வளைவில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து, அதாவது பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் அந்தக் கார் ஆயில் வகை. ஜாசோ கட்டம் எங்குமே இல்லை. அந்தக் கீழ் வளைவு எழுத்து இருந்தால் கியர் பைக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காட்டியதும் மனிதர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பணம் வரவில்லை.

இப்போதெல்லாம் சீல் உடைக்காத 1 லிட்டர் கேனை நானே வாங்கிப் போய், பக்கத்தில் நின்று ஊற்றச் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கேனில் எனக்கு முன்பே இரண்டு லிட்டர் காலியாகியிருந்தது. மதுரையில் சமீபத்தில் அளவு ஜாடியில் ஆயில் வாங்கி ஊற்றியவர்கள் யாராவது இருந்தால், மலைப்பக்கம் போகுமுன் அதை வடித்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.