நாலு நாள் லீவு: அந்தமானா, லட்சத்தீவா?

அக்காவோ தம்பியோ, கூடப் பிறந்தவரோடு நாலே நாள் என்றால் அந்தமான்தான் சரி. தலைநகர் போர்ட் பிளேர் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்), ஹேவ்லாக் தீவு (இப்போது ஸ்வராஜ் த்வீப்) போக இந்தியர்களுக்கு முன் அனுமதி வேண்டாம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ஹேவ்லாக்குக்குப் படகில் சுமார் 2 மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அதனால் கடைசி இரவு போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். இல்லாவிட்டால் திரும்பும் விமானத்தைத் தவறவிடுவீர்கள். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும், கடலில் இறங்குவதைக் காலையில் வையுங்கள்.

லட்சத்தீவுக்கு இருவருக்கும் தனித்தனி அனுமதி கட்டாயம். கொச்சியிலிருந்து அங்குள்ள அகத்தி தீவுக்கு விமானம். கப்பல் என்றால் ஓர் இரவு போய்விடும். ஆனால் பவளத்திட்டுக்கு உள்ளே கடல் அலையடங்கிக் கிடக்கும். நீச்சல் தெரியாதவர்கூட லைஃப் ஜாக்கெட்டோடு முகத்தை நீரில் வைத்தால் மீன் கூட்டம் தெரியும். அதற்காகவே ஒரு வாரம் ஒதுக்கலாம். தென்மேற்குப் பருவமழையில் இரண்டுமே வேண்டாம்.