குரல் வீட்டில், கிட்டார் ஸ்டுடியோவில்

மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை கொட்டுகிறது. ஓடவிட்டால் அதன் இரைச்சல் பாட்டுக்குள் புகுந்துவிடுகிறது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்கிற எனக்கு, எந்த மைக் வாங்குவது என்பதைவிட இதுதான் பெரிய கேள்வி. புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் குளிரூட்டிய, வெளிச்சத்தம் புகாத ஸ்டுடியோ கிடைக்கும். இரண்டு இடத்திலும் பட்டுத் தெளிந்த பிறகு, குரலை வீட்டிலும் கிட்டாரை ஸ்டுடியோவிலும் என்று பிரித்துக்கொண்டேன்.

குரலுக்கு வேண்டியது அவகாசம். ஸ்டுடியோவில் மணிக்கு இவ்வளவு என்று காசு. மூன்றாவது முறையும் பிசகினால் கண் கடிகாரத்துக்குப் போகிறது, தொண்டை இறுகுகிறது. வீட்டில் முப்பதாவது முறையும் பாடலாம். ஆடி மாதமானால் கோயில் ஒலிபெருக்கி ஓயும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக் போதும்; 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் உழைக்கிறது, வீட்டிலும் உழைக்கும். தனியாக 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் கண்டென்சர் மைக் நுட்பமானதுதான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அதே நுட்பத்தோடு பிடித்துத் தரும்.

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அது கூர்மையான ஒலியைச் சற்று மழுக்கும். அறையின் முழக்கம் அப்படியே நிற்கும். வாயருகே வைத்துப் பாடும் மைக்கின் முதுகுப்புறம் பெரும்பாலும் செவிடு. ஆகவே பாடுபவரின் பின்னால் உள்ள சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைத் தொங்கவிடுவதே பலன் தரும்.

கிட்டாருக்கு இந்தச் சமாளிப்பு செல்லாது. விரலால் மெல்ல மீட்டுவதை டைனமிக் மைக்கில் பிடிக்க ஒலியளவை ஏற்றினால் இரைச்சலும் ஏறும். கண்டென்சர்தான் வேண்டும், அதற்கு அமைதியான அறை வேண்டும். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் கும்மென்று அடைக்கும். கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை, அதாவது குறுக்கே பதித்த உலோகப் பட்டையை நோக்கி ஒரு சாண் தள்ளி வைத்தால் கம்பியும் மரமும் சேர்ந்து பேசும்.

கடற்காற்றின் ஈரத்தில் கிடந்த கிட்டார் திடீரென ஏசி அறைக்குப் போனால் சுருதி நிற்காது. குளிரில் கம்பி சுருங்கி மேலே ஏறும். ஒருமுறை போனதும் வாசிக்கத் தொடங்கி, பல்லவி ஒரு சுருதியிலும் சரணம் ஒரு சுருதியிலும் நின்றன. அந்த மணிக்கான காசு என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். இப்போதெல்லாம் அரை மணி முன்னதாகவே போய்ப் பெட்டியைத் திறந்து வைத்துவிடுகிறேன்.

வீட்டில் கிடைக்காத ஒன்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளரின் காது. "அண்ணே, இரண்டாவது வரியில் மூச்சு முட்டுகிறது" என்று நள்ளிரவில் எனக்கு யார் சொல்வார்கள்?

பிரித்துப் பதிவுசெய்ய, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமுக்குக் கட்டுப்பட வேண்டும். பாடிக்கொண்டே வாசித்தால்தான் தாளம் உயிரோடு இருக்கும் என்பவர்கள் இரண்டையும் ஸ்டுடியோவிலேயே ஒன்றாகப் பதிவுசெய்யட்டும். கிட்டார் ஒலி குரல் மைக்கிலும் கசிந்திருக்கும் என்பதால், பிசகிய ஒரு வரிக்காக அந்த இடம் முழுவதையும் மறுபடி வாசித்துப் பாட வேண்டியிருக்கும்.